மூன்றாம் படி

பல் டாக்டர் வீட்டில் விமானம் கட்டுகிறார் என்று தெரிந்ததும் தெருவில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் பல் வலி என்று அவரிடம் போனபோது விசாரித்தார்கள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன பெரிதாக விசாரித்துவிட முடியும்? ஒரு ஆவென்ற சத்தம்தான் வரும். அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவார். இரண்டு பேர் உட்காரும் விமானம், வரைபடம் தபாலில் வந்தது, தகடு வெட்டுவது முதல் பெயின்ட் அடிப்பது வரை எல்லாம் கார் ஷெட்டில் அவர் கையால்தான் என்று. கையால் என்று அவர் சொன்னது ஒரு கையைத்தான். இன்னொரு கை அவர் மனைவியுடையது, அதை யாரிடமும் அவர் சொன்னதாகத் தெரியவில்லை.

தகட்டைத் தகட்டோடு இணைக்கிற ஆணியை ஒரு ஆள் அடிக்க முடியாது. வெளியிலிருந்து ஒருவர் துப்பாக்கி மாதிரி இருக்கிற சுத்தியலால் டர்ரென்று அடிக்க, உள்ளிருந்து இன்னொருவர் ஆணியின் வாலில் ஒரு இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். கட்டை அரை நூல் சாய்ந்தாலும் ஆணி கோணிவிடும். இறக்கைக்குள் இருக்கிற இடுக்கில் டாக்டரின் கை நுழையாது. அவர் மச்சானின் கையும் நுழையாது. அவள் கை நுழைந்தது. ஒன்பது வருஷம் அந்தக் கை இறக்கைக்குள்ளேதான் இருந்தது. இப்போதும் குளிர் நாளில் காலையில் எழுந்தால் வலது கை விரல்கள் அரை மணி நேரம் மரத்துப் போயிருக்கும், காப்பி டம்ளரை இடது கையால்தான் எடுப்பாள். அதற்காக அவள் யாரிடமும் மூக்கைச் சிந்தியதில்லை. கட்டும்போது அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

வம்பு ஃபிளாப்பில் ஆரம்பித்தது. இறக்கையின் பின்விளிம்பில் கதவு போலக் கீழே மடங்குகிற தகட்டுக்குத்தான் ஃபிளாப் என்று பெயர். இறங்கும் நேரத்தில் அதை மடக்கிவிட்டால் விமானம் மெதுவாகப் போனாலும் காற்றில் நிற்கும். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே காரின் ஹேண்ட்பிரேக் மாதிரி ஒரு கைப்பிடி. இழுத்தால் டக் என்று முதல் படியில் பிடிக்கும், இன்னும் இழுத்தால் டக் என்று இரண்டாம் படியில் பிடிக்கும். வரைபடத்தில் அவ்வளவுதான், இரண்டு படி. வரைந்தவன் யாரோ, விவரம் தெரிந்தவன், இரண்டோடு நிறுத்தியிருந்தான்.

நம் டாக்டருக்கு அது போதவில்லை. "கொக்கு வந்து எறங்குற மாதிரி எறங்கணும்" என்று சொல்லி, கைப்பிடி ஓடுகிற தகட்டை நீட்டி வெட்டி மூன்றாவதாக ஒரு படி வைத்தார். அதில் போட்டால் ஃபிளாப் ஏறக்குறையச் செங்குத்தாகத் தொங்கும். விமானக் கொட்டகையில் சனி ஞாயிறு வந்து நிற்கிறவர்கள் அதைப் பார்த்து ஆகா ஓகோ என்றார்கள். அவர்களில் பாதிப் பேர் சொந்தமாக ஒரு ஸ்டூல் கூடச் செய்ததில்லை, ஆனாலும் ஆகா ஓகோ என்று சொல்ல அது ஒரு தடையில்லையே. டாக்டருக்குத் தலை கால் புரியவில்லை.

கம்பெனியில் செய்த விமானமென்றால் எந்த வேகத்துக்கு மேல் ஃபிளாப்பைத் தொடக் கூடாது, எந்தப் படியில் என்ன செய்யக் கூடாது என்று யாரோ பறந்து பார்த்து எல்லை வகுத்திருப்பார்கள். வேகமுள்ளின் பின்னால் வெள்ளைப் பட்டை வரைந்தே வரும். வீட்டில் கட்டினது அப்படியில்லை. பட்டையை எங்கே வரைவது என்று கட்டினவன்தான் பறந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பறந்து பார்க்கிற வேலை அவளுடைய தம்பிக்கு வந்தது. குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் பார்க்கிறவன், டாக்டரைவிட அதிக நேரம் ஆகாயத்தில் இருந்தவன், மாமா சொன்னால் மறுபேச்சு பேசாதவன்.

அன்றைக்கு அவன் இறங்கி வந்தபோது சட்டை பிழிந்தெடுக்கிற மாதிரி நனைந்திருந்தது. கொட்டகையில் டாக்டரும் அவளும்தான் இருந்தார்கள்.

"மூணாவது படி போட்டேன் மாமா. போட்டுட்டு மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினேன். அவ்வளவுதான். ஸ்டிக்கை யாரோ என் கையிலேர்ந்து பிடுங்குற மாதிரி முன்னாடி இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. நேரா தரையைப் பார்த்துத் தொங்குறேன். ரெண்டு கையாலயும் வயித்தோட சேர்த்து இழுத்து, படியை எறக்கின பொறவுதான் மேல வந்துச்சு. ஃபிளாப் அவ்வளவு தொங்கினா வாலுக்குச் சரியான காத்து போகல மாமா. உயரத்துல இருந்தேன், அதனால இங்க நின்னு பேசிக்கிட்டு இருக்கேன்."

டாக்டர் அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "வேகத்தை விட்டிருப்பே. உன் கை பதறியிருக்கும்" என்றார்.

"இல்ல மாமா."

"நான் சொல்றேன்ல?"

அந்தப் படியை எடுத்துவிடுங்கள் என்று தம்பி சொன்னான். அதை எடுத்தால் கொட்டகையில் நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள். யார் தலைகீழாக நின்றாலும் டாக்டர் சம்மதிக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவள்தான் ஒரு வழி சொன்னாள். இரண்டாம் படிக்கு அப்புறம் தகட்டில் ஒரு ஓட்டை போட்டு ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டால் கைப்பிடி அதற்கு மேல் போகாது. டாக்டர் தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "தற்காலிகமா வேணா" என்றார். அவள் கீழே கையைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ள, தம்பி துளை போட்டான்.

அந்தத் தற்காலிகம் மூன்று வருஷம் ஓடியது. யாராவது போல்ட்டைப் பற்றிக் கேட்டால் டாக்டர், "மச்சானுக்கு ஒரு தடவை கை நடுங்கிடுச்சு, அதான்" என்று சிரிப்பார். பக்கத்தில் நிற்கிற மச்சானும் சிரிப்பான். திரும்பத் திரும்பக் கேட்டு அவனே பாதி நம்பிவிட்டானோ என்று அவளுக்குச் சந்தேகம். இரண்டு படியில் அந்த விமானம் சொன்னபடி கேட்டது, சும்மா சொல்லக் கூடாது. மூன்றாவதை எல்லோரும் மறந்து போனார்கள்.

அவள் மட்டும் மறக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. "முழுசா முடியட்டும், உன்னைத்தான் மொதல்ல ஏத்துவேன்" என்று இறக்கைக்குள் கை விட்டிருந்த காலத்திலேயே டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். போல்ட் இருக்கிறவரை அவர் கணக்கில் விமானம் முடியவில்லை. போர்டு எழுதுகிறவர் ஏறினார், மருந்துக் கடைக்காரர் ஏறினார், கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்ட ஒரு வக்கீல் வீங்கின கன்னத்தோடு ஏறிவிட்டு வந்தார். அவள் கொட்டகை வாசலில் பிளாஸ்க்கோடு நின்று கையசைத்தாள்.

பிறகு டாக்டருக்குக் கண் மங்கியது. சர்க்கரை. பறக்கும் உரிமத்துக்கான பரிசோதனையில், முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்கள். கிளினிக்கிலும் சின்ன வேலைகள்தான். கார் ஓட்டுவது அவள் பொறுப்பானது. விமானத்தை விற்றுவிடலாம் என்று அவரே சொன்னபோது அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது பணமில்லை. தான் கட்டியது நல்லது என்று வாங்க வருகிறவன் வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

வாங்க வருகிறவர் ஒரு மாட்டு டாக்டர். வருகிற அன்று காலையில் அவள் விமானத்தைத் துடைக்கப் போனாள். கண்ணாடியைத் துடைத்தாள், இருக்கையைத் துடைத்தாள், துணி கைப்பிடியில் மாட்டிக்கொண்டு அதையும் சேர்த்து இழுத்தது. டக். டக். டக்.

அவள் கை அப்படியே நின்றது. குனிந்து பார்த்தாள். போல்ட் இல்லை. ஓட்டையும் இல்லை. தகட்டின் மேல் சாம்பல் பெயின்ட் புதிதாக மினுங்கியது. விரலால் தடவினாள். இரும்பு வழுவழுப்பு வேறு, இது வேறு. கிளினிக்கில் அவள் எத்தனையோ வருஷம் அவருக்குக் குழைத்துக் கொடுத்த பசைதான். சொத்தைப் பல்லை அடைக்கிற அதே பசையால் மனிதர் ஓட்டையை அடைத்து, ராவி, பெயின்ட் அடித்திருந்தார். கண் தெரியாதாம். இதற்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

டாக்டர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"போல்ட் எங்கங்க?"

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

"வர்றவன் இது என்னன்னு கேப்பான்."

"கேட்டா சொல்லுங்க."

"என்னன்னு? ஒம்பது வருஷம் கட்டினேன், அதுல ஒண்ணு தப்பாப் போச்சு, ஆணியடிச்சு வெச்சிருக்கேன்னா?"

"அவர் மூணாவதைப் போடுவாரே."

"போடட்டும். பதறாமப் போட்டா ஒண்ணும் ஆகாது. உன் தம்பி கை அப்படி." அதற்கு மேல் பேச இஷ்டமில்லாத மாதிரி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

மாட்டு டாக்டர் மனைவியோடு வந்து இறங்கினார். நல்ல மாதிரியான ஆள், வாய் நிறையச் சிரிப்பு. எதைப் பார்த்தாலும் தட்டிக் கொடுக்கிற பழக்கம் அவருக்கு, இறக்கையையும் பசுவைத் தட்டுகிற மாதிரி தட்டினார். தன் வீட்டுப் பின்னால் ஒரு ஓடுபாதை இருக்கிறது, ரொம்பக் குட்டை, ஒரு முனையில் மரம், மறுமுனையில் கால்வாய் என்று சொன்னார். "எவ்வளவு மெதுவா எறங்குதோ அவ்வளவுக்கு நல்லது டாக்டர். இவங்கதான் என் பக்கத்துல உக்காரப்போறாங்க. ஏற்கெனவே பயந்து சாகுறாங்க."

உள்ளே எட்டிக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். டக், டக், டக். "அட, மூணு இருக்கே! இந்த மாடல்ல ரெண்டுதானே?"

டாக்டரின் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள். கல்யாணப் போட்டோவில் கூட அப்படி இல்லை. "நம்ம சொந்த டிசைன்" என்றார்.

"போட்டுப் பார்த்திருக்கீங்களா?"

"எல்லாம் பார்த்தாச்சு. மச்சான்தான் பறந்தான். என்ன மச்சான்?"

தம்பி ஒரு துணியை எடுத்து ஏற்கெனவே சுத்தமாக இருந்த கையைத் துடைத்தான். "ம்" என்றான்.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. கணவனை நினைத்துக்கூட இல்லை, இந்த ஒரு 'ம்'மை நினைத்து. "இல்ல. மூணாவதைப் போட்டா தலைகுப்புற விழும்" என்றாள். "இவனுக்கு அப்படி ஆச்சு. அதைப் போட முடியாதபடி ஒரு போல்ட் இருந்துச்சு. இப்பதான் எடுத்திருக்காங்க."

முதலில் சிரித்தவர் டாக்டர். "எங்க வீட்டம்மாவுக்கு விமானம்னாலே பயம். இதுவரைக்கும் ஏறினதே இல்லன்னா பாத்துக்குங்களேன்." மாட்டு டாக்டரும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை.

ஏறினதே இல்லையாம். அவள் ஏன் ஏறவில்லை என்று புருஷனுக்குத் தெரியாதா?

"அப்ப இன்னிக்கு ஏறுறேன்" என்றாள். "தம்பி என்னைக் கூட்டிட்டுப் போய் மூணாவதைப் போட்டுக் காட்டட்டும். போட்டுட்டு மூக்கையும் தாழ்த்தட்டும். இவங்க கீழேருந்து பார்க்கட்டும்."

அவளுக்குச் சாகிற ஆசை ஒன்றும் கிடையாது. இரத்தக் கொதிப்பு மாத்திரையை ஒரு நாள் தவறாமல் போடுகிறவள். அவள் எதிர்பார்த்தது ஒரே ஒரு வார்த்தை. 'வேணாம்' என்று அவர் சொல்லிவிட்டால் போதும். சொல்கிற அந்த நிமிஷமே எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிடும், அவளும் மேற்கொண்டு எதுவும் பேச வேண்டியிருக்காது. எவ்வளவு வீம்பு பிடித்தவராக இருந்தாலும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருக்க மாட்டார் என்று நம்பித்தான் கேட்டாள். கணவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் அவளைப் பார்க்கவில்லை, மாட்டு டாக்டரின் முகத்தைத்தான் பார்த்தார்.

"தாராளமா" என்றார். "மச்சான், அக்காவைக் கூட்டிட்டுப் போய்ட்டு வா."

அவள் ஏறினாள். தம்பி பெல்ட்டை மாட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். கண்ணாடி மூடியது. கடைசி நொடியில் கூட அவர் கையை உயர்த்தி நிறுத்துவார் என்று பார்த்தாள். கையை உயர்த்தத்தான் செய்தார், டாட்டா காட்டுவதற்கு.

தரையை விட்டு எழுந்ததும் ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். இறக்கையின் மேல் ஆணிகள் வரிசை வரிசையாக வெயிலில் தெரிந்தன. ஒவ்வொன்றின் வாலும் அவளுக்குத் தெரியும். இந்த வரிசை அடித்தபோது காய்ச்சல், அந்த மூலையில் அடித்தபோது இருவருக்கும் சண்டை, அந்த ஒன்று கோணிப்போய்த் திரும்ப எடுத்து அடித்தது. வீடுகள் சின்னதாகிக்கொண்டே போயின. இதைக் காட்ட ஒருத்தருக்கு இத்தனை வருஷம் மனசு வரவில்லையே என்று நினைத்ததும் சந்தோஷம் போய்விட்டது.

நல்ல உயரத்துக்கு வந்ததும் தம்பி வேகத்தைக் குறைத்தான். முள் வெள்ளைப் பட்டைக்குள் வந்தது. கைப்பிடியை இழுத்தான். டக். விமானம் லேசாகத் தூக்கிக் கொடுத்தது. டக். காற்றின் சத்தம் மாறியது. அவள் இருக்கையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டாள். மூன்றாவதற்காகக் காத்திருந்தாள்.

தம்பி கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான். ரேடியோ பொத்தானை அழுத்தினான். கீழே மாட்டு டாக்டர் கையில் ஒரு ரேடியோ இருந்தது.

"மூணாவது படி போட்டாச்சு. மூக்கைத் தாழ்த்துறேன். ஒரு பிரச்சினையும் இல்ல" என்றான். குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

பொத்தானை விட்டதும் அவள், "ரெண்டுதான்டா போட்டே" என்றாள்.

"அக்கா, சும்மா இரு."

"மூணாவதைப் போடு."

"உன்னை வெச்சுக்கிட்டு எப்படிக்கா போடுவேன்?" நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னான். கண் நிறைந்திருந்தது.

"வாங்குற மனுஷன் அவர் பொண்டாட்டியை வெச்சுக்கிட்டுப் போடுவாரே? அதுவும் தரைக்கிட்ட, மரத்துக்கு மேல?"

அவள் கை தானாகக் கைப்பிடிக்குப் போனது. இழுத்திருப்பாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அவன் சட்டென்று தன் கையை அதன் மேல் வைத்து அழுத்தினான். "வேணாம்க்கா. கால்ல வேணா விழறேன், வேணாம்" என்றான். அவள் கீழே எதிர்பார்த்து நின்ற வார்த்தைதான். சொல்லியிருக்க வேண்டியவர் சொல்லவில்லை. அவள் கையை எடுத்துக்கொண்டு, தரையிறங்கும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு படியில் அழகாக இறங்கினான். கண்ணாடியைத் திறந்தபோது டாக்டர் கை தட்டிக்கொண்டிருந்தார். மாட்டு டாக்டர் வந்து அவள் இறங்கக் கை கொடுத்தார். "என்னக்கா, பயம் போயிடுச்சா?"

"ரெண்டுதான் போட்டான்" என்றாள். "அந்தக் கைப்பிடி ஓடுற தகட்டுல விரலை வெச்சுப் பாருங்க. பெயின்ட் புதுசா இருக்குற எடத்துல."

அவர் குனிந்து விரலை வைத்தார். நகத்தால் சுரண்டினார். பெயின்ட் உரிந்து, உள்ளே பல் நிறத்தில் ஒரு பொட்டு தெரிந்தது. தம்பியைத் திரும்பிப் பார்த்தார். தம்பி சக்கரத்துக்குக் கட்டை வைக்கக் குனிந்தவன் நிமிரவே இல்லை.

"நல்லாத்தான் அடைச்சிருக்கீங்க டாக்டர்" என்றார் மாட்டு டாக்டர். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. அவர் மனைவி அவளிடம் வந்து ஏதோ சொல்ல நினைத்து, சொல்லாமல், கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். மரத்துப் போகிற கைதான். ஆனாலும் அது தெரிந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். பக்கத்து இருக்கையில் டாக்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது. பாதி தூரம் வந்த பிறகு பேசினார்.

"என் பேரைக் கெடுத்துட்டே. இனிமே அந்தக் கொட்டகையில நான் எப்படித் தலைகாட்டுவேன்? வெளியாள் செஞ்சிருந்தாக்கூடத் தாங்கிப்பேன். கூடவே இருந்து, பக்கத்துல நின்னு கட்டின நீ இப்படிச் செய்யலாமா?"

கூட இருந்து கட்டினவள் என்று அவர் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நான் ஏறும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"என்னன்னு?"

"வேணாம்னு."

அவர் சலித்துக்கொண்டார். ஆறு தடவை சொல்லியும் ஒழுங்காகப் பல் விளக்கத் தெரியாத நோயாளிக்குச் சொல்கிற குரலில் சொன்னார். "உன் தம்பி போட மாட்டான்னு எனக்குத் தெரியாதா? உன்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அவன் எப்படிப் போடுவான்? அது தெரிஞ்சுதான் போகச் சொன்னேன்."

"உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதேங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குத் தெரியாதுங்கறது உங்களுக்குத் தெரியும்ல? டாட்டா காட்டும்போது?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அவளுக்கு முன்னால் இருந்த சாலை கலங்கியது. கால் ஆக்ஸிலரேட்டரில் அழுந்தியது அவளுக்கே தெரியவில்லை. ஒரு லாரியைத் தாண்டினாள், ஒரு பஸ்ஸைத் தாண்டினாள். டாக்டர் கதவுக்கு மேலிருந்த பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

"கொஞ்சம் மெதுவாப் போயேன்" என்றார். "எனக்குப் பயமா இருக்கு."

அவர் பயம் என்று சொன்ன உடனே அவள் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது. அன்றைக்கு நடந்ததிலேயே அவளுக்குத் தாங்க முடியாமல் போனது அதுதான்.